நாலாவது வாய்தா

நியூயார்க் வழக்கைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பாலியல் குற்றச்சாட்டில் சிக்கிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனின் விமானி லாரி விசோஸ்கி சொன்ன சாட்சியம். எப்ஸ்டீனின் கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல் மீதான வழக்கில் முதல் சாட்சியே அவர்தான். 2021 நவம்பர் 29-ல் கூண்டேறி, மறுநாள் இறங்கிவிட்டார். ஏறத்தாழ 30 வருடம் முதலாளியைச் சுமந்து பறந்தவர். மன்ஹாட்டன் மாளிகை, பாம் பீச் வீடு, நியூ மெக்சிகோ பண்ணை, கரீபியன் தீவு, பாரிஸ் வீடு என எங்கெங்கே இறக்கிவிட்டாரோ அத்தனையும் சொன்னார். அந்தப் பண்ணையில் தனக்கு 40 ஏக்கர் கிடைத்ததையும் மறைக்கவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் கோர்ட்டிலிருந்து வந்தார். அவர் ஆக்டிங் டிரைவர்.

“முடிஞ்சுதாண்ணா?”

“எங்கப்பா... வாய்தா.”

நாலாவது வாய்தா. எனக்கு வந்த கோபத்தில் விமானியை அங்கேயே விட்டுவிட்டேன்.

அண்ணன் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். மத்தூரில் வண்டி எடுத்த நேரம், கிலோமீட்டர், டீசல், அத்திப்பள்ளி டோல் ரசீது எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கத்தில் நீல மையில்: ‘ரிஜிஸ்டர் ஆபீஸ், 11.20, ஓனர், கூட ரெண்டு பேர்.’ பழைய முதலாளி வீட்டுப் பத்திர வழக்கில் கோர்ட்டுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. அதைச் சொல்ல நாலு நாள் சம்பளம் போயிற்று. கோர்ட்டுக்கு அலைகிற டிரைவர் என்று தெரிந்ததும், வாடிக்கையாகக் கூப்பிடும் இரண்டு பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சாட்சி பிறழ்வதற்கு மிரட்டலும் பணமும்தான் காரணம் என்கிறோம். இழுத்தடிப்பதும் அதே வேலையைச் செய்யும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில், மறுபடி கூப்பிடப்பட்ட 76 சாட்சிகளில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டித்தான் வழக்கை ஓசூர் எல்லைக்கு அந்தப்பக்கம், கர்நாடகாவுக்கு மாற்றியது. முதலில் சொன்னதற்கும் மறுபடி கேட்டதற்கும் நடுவே வருடங்கள் ஓடியிருந்தன, ஆட்சியும் மாறியிருந்தது. சம்பளக்காரன் எத்தனை காலம் ஒரே சொல்லில் நிற்பான்?

சட்டத்தில் குறையில்லை. சாட்சி வந்து நின்றால் விசாரிக்காமல் தள்ளிவைக்கக் கூடாது, தள்ளினால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருந்தது. சாட்சியின் செலவை அரசு கொடுக்க உத்தரவிடலாம் என்கிறது 350. அண்ணனுக்கு இன்றுவரை பஸ் காசுகூட வரவில்லை.

வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிரைவரோ, சமையல்காரம்மாவோ, வாட்ச்மேனோ சாட்சி சொல்ல வந்து நின்றால், அன்றைக்கே கேட்டு அனுப்பிவிடுங்கள். அண்ணன் அடுத்த வாய்தாவுக்கும் போகிறார். நோட்டைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்து வைத்துவிட்டார்.