ஜெபியுங்கள், தாமதிக்காமல் மருத்துவரிடமும் கொண்டுசெல்லுங்கள்



அநேக வீடுகளில் நடந்தும் சபையில் வாய்திறந்து பேசப்படாத ஒரு காரியத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். குடும்பத்தில் ஒருவருடைய மனம் திடீரென்று நிலைகுலைந்துபோனால் நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்களில் பலர் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு மலைகளிலிருந்தும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார், நெல்லியாம்பதி பகுதிகளிலிருந்தும் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்தவர்கள். கோயம்புத்தூரிலோ, திருப்பூரிலோ, கொச்சியிலோ நீங்கள் வேலையில் இருக்கும்போது ஊரிலிருந்து போன் வருகிறது. "தம்பி மூன்று நாளாய்த் தூங்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறான். யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிறான்" என்று அம்மா அழுகிறார்கள். "ஜெப வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறோம்" என்றும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பதில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நான் செய்த ஒரு தவற்றை வெட்கத்தோடு சொல்லுகிறேன். இடுக்கி எல்லையை ஒட்டிய ஓர் எஸ்டேட்டில் மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம் நடந்தது. வருஷக்கணக்காய் மதுவுக்கு அடிமையாயிருந்த ஒரு சகோதரன் முதல் நாளிலேயே கண்ணீரோடு தன்னை ஒப்புக்கொடுத்து, அன்றிரவே குடியை விட்டார். நாங்கள் மிகவும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாளில் அவருடைய கைகள் நடுங்கின, வியர்த்துக் கொட்டியது. சுவரெங்கும் பூச்சிகள் ஊருகின்றன என்று அலறினார். சொந்த மனைவியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிசாசு அலைக்கழிக்கிறது என்று நாங்களே தீர்மானித்து, லயத்து வீட்டில் அவரைப் பிடித்துவைத்து இரவெல்லாம் உபவாசித்து ஜெபித்தோம். விடியற்காலையில் அவருக்கு வலிப்பு வந்தது. அதன்பின்பே ஜீப்பில் ஏற்றினோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தார்?" என்பது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

நெடுங்காலம் அதிகமாய்க் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது, 2 அல்லது 3-ஆம் நாளில் மூளை இப்படிக் கலங்குவதுண்டு. வலிப்பும் வரலாம், சிகிச்சை கிடைக்காவிட்டால் மரணமும் நேரிடலாம். மருத்துவமனையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்தும், தயமின் என்னும் வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவடைகிறார்கள். அந்தச் சகோதரனும் தெளிவடைந்தார். அவர் மனந்திரும்பியது மெய். அவருடைய சரீரத்துக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் மெய். முதலாவதை அறிந்திருந்த நான் இரண்டாவதை அறியாதிருந்தேன்.

வேதத்தைக் கவனித்து வாசித்திருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்கும். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தின் முடிவில் இயேசுவினிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பிசாசு பிடித்தவர்களும் நோயாளிகளும் தனித்தனியே எண்ணப்படுகிறார்கள். வேதம் பிரித்துக் காட்டுவதை நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்? மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் தங்கியிருந்த மனிதனையும் நினைத்துப்பாருங்கள். அவனைச் சங்கிலியால் கட்டினவர்கள் ஊரார். இயேசு அவனைக் கட்டவில்லை. அவன் பெயரைக் கேட்டார், அவனோடு பேசினார், கடைசியில் அவனை அவன் வீட்டுக்கே அனுப்பினார்.

சங்கிலி என்றதும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி நினைவுக்கு வருகிறது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்றவர்கள் பகைவர்களா? இல்லை. தர்காவின் அருகே தங்கினால் சுகம் கிடைக்கும் என்று நம்பிய சொந்தக் குடும்பத்தார். "அது வேறு மார்க்கத்தாரின் காரியம்" என்று நாம் கைகழுவிவிட முடியாது. நம்முடைய ஜெப வீடு ஒன்றில் ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்த ஒரு வாலிபனை என் கண்களால் கண்டிருக்கிறேன்.

ஏர்வாடிக்குப் பின்பு நாட்டில் மாற்றங்கள் வந்தன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்பது 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டுவதை அது தடைசெய்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே, பிரார்த்தனையை விடச் சொல்லாமல் அதோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது.

அப்படியானால் அந்தப் போன் வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

முதலாவது, "அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லுங்கள். கேரளப் பக்கமா, தமிழ்நாட்டுப் பக்கமா என்று யோசித்து நிற்க வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவே போதும். குமுளியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இறங்கலாம். வாளையார்ப் பக்கத்தாருக்குப் பாலக்காடும் உண்டு, கோயம்புத்தூரும் உண்டு. 108 ஆம்புலன்ஸ் இரண்டு மாநிலங்களிலும் வரும். மலையாள மருத்துவரிடம் போவதானால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள்; மனதின் வேதனையை அரைகுறை மொழியில் சொல்ல முடியாது. குடிப்பழக்கம், காய்ச்சல், தலையில் அடி, சர்க்கரை நோய், சமீபத்தில் நடந்த பிரசவம் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வயதானவர் திடீரென்று உளறினால் பெரும்பாலும் சரீரத்தில்தான் காரணம் இருக்கும்.

இரண்டாவது, சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விடக்கூடாது. "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று அன்போடு நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பாரம் இறங்குகிறது. ஏலத்தோட்டப் பகுதிகளில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஒருவேளை குடித்துவிட்டால், உப்புத்தண்ணீரும் சோப்புத்தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல், மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்றாவது, 14416 என்ற எண்ணை எழுதிவையுங்கள். இது மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நோயுற்றவர் மட்டுமல்ல, என்ன செய்வதென்று அறியாமல் தவிக்கும் குடும்பத்தாரும் அழைக்கலாம். நகரத்து விடுதி அறையில் தனியே அழுகிற தம்பியே, தங்கையே, அந்த எண் உனக்கும் உரியது.

நான்காவது, மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதிருங்கள். "சுகமானேன், மாத்திரையை வீசிவிட்டேன்" என்று மேடையில் சாட்சி சொல்லவைக்கும் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் மறுபடியும் விழும்போது நாம் மேடையில் இருப்பதில்லை, அவருடைய தாய்தான் பக்கத்தில் இருப்பாள். நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டை ஊரிலே வைத்துவிட்டு வராதிருங்கள்; அதைக் காட்டி இங்குள்ள அரசு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடரலாம்.

இவைகளோடு ஜெபியுங்கள். நோயுற்றவருக்கு விருப்பமானால் அருகில் அமர்ந்து மெதுவாக ஜெபியுங்கள். கூட்டமாய்ச் சூழ்ந்து சத்தமிட்டால், பயந்திருக்கும் மனம் இன்னும் பயப்படும். உபவாசத்தை நாம் இருப்போம். நோயுற்றவருக்கு ஆகாரமும் தூக்கமும் வேண்டும்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே அமர்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கர்த்தரிடம் கேட்டார். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணின அதே மனிதர். அவிசுவாசி என்று கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேசினது அதற்குப் பின்புதான்.

பிரியமானவர்களே, அந்தத் தூதனுடைய வேலை இன்று உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ, சபையிலோ, அடுத்த லயத்திலோ மனம் உடைந்திருக்கிறவர் யார்? இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகப் பயந்தால், நீங்கள் உடன் செல்லுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் பெலப்படுத்திக் காப்பாராக. ஆமென்.