சிலிண்டருக்கு முன் காற்றைத் தேடுங்கள்

பிள்ளைக்குப் போட்டித் தரத்தில் ஒரு ஏர் ரைபிள் வாங்கிக் கொடுக்கும் குடும்பம், கையோடு இன்னொரு முடிவையும் எடுத்தாக வேண்டும். குழலுக்கு அடியில் இருக்கும் சின்ன சிலிண்டரில் காற்றை எதை வைத்து நிரப்புவது? நின்றபடி கையால் அடிக்கும் உயர் அழுத்தப் பம்பா, கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் சுமப்பது போன்ற பெரிய சிலிண்டரா? வசதி இருந்தால் சிலிண்டர், இல்லாவிட்டால் பம்பு என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பணத்தை வைத்து இதை முடிவு செய்வது சரியல்ல என்பது என் கருத்து. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வீட்டுக்கு ஏற்றது கைப்பம்பு. சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் பயிற்சி மன்றம். பெய்ஜிங்கில் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கமும், லண்டனில் 2012இல் ககன் நாரங் வெண்கலமும் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனதும் இதே பிரிவில். அந்தப் பாதையைப் பார்த்து வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தக் கேள்வி சின்ன விஷயம் அல்ல.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். போட்டி ரைபிளின் சிலிண்டர் பொதுவாக 200 பார் அழுத்தம் வரை நிரப்பப்படுவது. அதன் கொள்ளளவு கால் லிட்டருக்கும் குறைவு. கணக்குக்கு 200 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். 100 பாருக்கு இறங்கியதை மறுபடி 200க்கு ஏற்ற, நாம் சுவாசிக்கும் காற்றில் 20 லிட்டர் வேண்டும். முழுதாக நிரப்பினால் 200 குண்டுக்குக் குறையாமல் சுடலாம். தகுதிச் சுற்றில் சுடுவதோ 60 குண்டு. நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தைத் தருவதால், உள்ளே காற்று குறையக் குறைய குண்டின் வேகம் மாறிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். ஆக, தினமும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கும் வாரத்துக்கு மூன்று தடவை நிரப்பினால் போதும். அறுபது லிட்டர் காற்றுதான் ஒரு வாரத்துத் தேவை.

இனி பெரிய சிலிண்டருக்கு வருவோம். பத்து லிட்டர் கொள்ளளவில் 300 பார் தாங்கும் சிலிண்டர், 200 பாருக்கு இறங்கும் வரை சுமார் 1,000 லிட்டர் காற்றைத் தரும். ஏறத்தாழ 50 முழு நிரப்பல். நாலு மாதத்துக்குக் கவலையில்லை. அதே அளவில் 200 பார் சிலிண்டர் என்றால் கதை வேறு. முதல் தடவை நிரப்பியதுமே அதன் அழுத்தம் 198க்கு இறங்கிவிடும். அதன்பின் ரைபிள் ஒருபோதும் முழு 200ஐத் தொடாது. இதைக் கவனிக்காமல் விலை குறைவு என்று 200 பார் சிலிண்டரை வாங்குவது வீண். சரி, 300 பார் சிலிண்டரே வாங்கியாயிற்று. அது காலியானதும் எங்கே எடுத்துப்போவது? கொங்கு நாட்டு விவசாயி மோட்டார் வாங்கும் முன் கிணற்றில் ஊற்று எப்படி என்றுதான் பார்ப்பார். சிலிண்டர் வெறும் தொட்டி. ஊற்று இல்லாமல் தொட்டி கட்டி என்ன பயன்?

கம்ப்ரசருக்குப் பேர்போன ஊரில் காற்றுக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். கம்ப்ரசர் தயாரிக்கும் எல்ஜி நிறுவனம் 1960இல் தொடங்கியது இங்கேதான். பஞ்சர் கடையிலிருந்து லேத் பட்டறை வரை கம்ப்ரசர் ஓடாத தெரு கோவையில் அபூர்வம். ஆனால் பட்டறைக் கம்ப்ரசர் தருவது 8 முதல் 12 பார். நமக்கு வேண்டியது அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். அதற்குப் பல கட்டங்களில் அழுத்தி, எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்தெடுக்கும் தனி வகைக் கம்ப்ரசர் வேண்டும். கேஸ் ஏஜென்சியில் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாமே என்ற யோசனை உயிருக்கே ஆபத்தானது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் தீப்பற்றி வெடிக்கும். ரைபிளின் வால்வுகளிலும் ரப்பர் வளையங்களிலும் அந்தப் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் 500 மில்லிக்கு மேல் கொள்ளளவு உள்ள உருளைகளுக்குப் பொருந்தும். ரைபிளில் இருக்கும் சின்ன சிலிண்டர் அதற்குள் வராது. பெரிய சிலிண்டர் வரும். அது அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாக இருக்க வேண்டும், உரிய காலத்தில் நீரழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும், நிரப்பித் தரும் இடத்துக்கு உரிமம் இருக்க வேண்டும். இவையெல்லாம் அமைந்த இடம் உங்கள் வீட்டுக்கு அருகில் இருந்தால் என் வாதம் தளரும். தாராளமாகச் சிலிண்டர் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த இரும்பு நாலாம் மாதம் மூலையில் கிடக்கும்.

கைப்பம்பு மீது சொல்லப்படும் குறைகளும் உண்மையானவைதான். அவற்றில் முதன்மையானது ஈரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றில் கன மீட்டருக்கு 15 கிராமுக்குக் குறையாமல் நீராவி இருக்கும். ஒரு நிரப்பலுக்கான 20 லிட்டரில் அது 0.3 கிராம், ஆறு சொட்டுத் தண்ணீர். இருநூறு பாரில் காற்று நசுங்கும்போது ஏறக்குறைய அத்தனையும் நீராகிவிடும். பம்பின் ஈரப்பொறி தடுக்காத பங்கு ரைபிளுக்குள் போய் வால்வையும் ரெகுலேட்டரையும் அரிக்கும். இதற்குத் தீர்வு இருக்கிறது. உலர்த்தும் குப்பி உள்ள பம்பாக வாங்க வேண்டும். அதிலுள்ள மணிகள் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். சில நிமிடங்கள் அடித்ததும் நிறுத்தி, பம்பு ஆறியபின் நீரை வெளியேற்றிவிட்டுத் தொடர வேண்டும். வடிகட்டியைக் கவனிக்காத கம்ப்ரசரில் நிரப்பிய சிலிண்டரிலும் இதே ஈரம்தான் இருக்கும். அங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் உள்சுவரில் துருவாகும் என்பது மட்டுமே வேறுபாடு.

அடுத்தது உடல் களைப்பு. பம்பு அடித்த கை நடுங்கும். ஏர் ரைபிளில் பத்துக்கான புள்ளியோ அரை மில்லிமீட்டர்தான். அதனால் சுடுவதற்கு முன் பம்பு அடிக்கவே கூடாது. முந்தைய நாள் மாலையில் நிரப்பி வைத்துவிடலாம். ஒரு நிரப்பல் போட்டி முழுவதுக்கும் மிஞ்சும் என்பதால் இடையில் அடிக்க வேண்டிய அவசியமே வராது. கடைசி அடிகளுக்கு உடம்பின் எடையையே சாய்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் அது ஆகாது, பெரியவர்தான் அடிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று மாலை என்பது ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத சுமை அல்ல. வெயிலையும் கணக்கில் சேருங்கள். 27 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர், மூடிய காரில் 60 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 222 பாருக்குப் போகும். அந்த விதி சின்னதற்கும் பெரியதற்கும் ஒன்றுதான். ஆனால் பத்து லிட்டரில் அடைபட்டிருக்கும் ஆற்றல் அதே அழுத்தத்திலேயே ஐம்பது மடங்கு. அதை வீட்டுக்குள் வைத்திருப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் மன்றத்துக்கு இருக்கிறது. இருபது பிள்ளைகள் பயிலும் மன்றத்தில் வாரத்துக்கு 60 நிரப்பல். ஒரு 300 பார் சிலிண்டர் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். ஒரு வீட்டுத் தேவைக்காக யாரும் உயர் அழுத்தக் கம்ப்ரசர் வாங்கமாட்டார்கள்; இருபது வீட்டுத் தேவை சேர்ந்தால் வாங்கலாம், வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்கலாம், சட்டப்படி வேண்டிய அனுமதிகளையும் பெறலாம். இது கோவைக்குப் புது வழியும் அல்ல. ஒவ்வொரு சிறு பம்பு உற்பத்தியாளரும் தனித்தனியே சோதனைக்கூடம் கட்ட முடியாது என்று உணர்ந்துதான், சிடார்க் போன்ற பொதுச் சோதனை மையத்தைத் தொழில்துறையினர் இங்கே உருவாக்கினார்கள். அதே அறிவைக் காற்றுக்கும் பயன்படுத்தினால் போதும். பொள்ளாச்சியிலிருந்தோ கோபியிலிருந்தோ வரும் பிள்ளைக்கும் சுத்தமான காற்று கிடைக்கும். அந்தச் செலவு எந்தத் தனி வீட்டின் தலையிலும் விழாது.

ஆகவே பெற்றோருக்குச் சொல்வது இது: உலர்த்தும் வசதியோடு நல்ல கைப்பம்பு ஒன்றை வாங்குங்கள், அதன் ரப்பர் வளையங்கள் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். சிலிண்டருக்கு ஒதுக்கிய பணத்தை மற்ற பெற்றோரோடு சேர்த்து மன்றத்தில் வையுங்கள். மன்ற நிர்வாகிகளும் இலக்குப் பலகைக்கும் விளக்குக்கும் தரும் அக்கறையைக் காற்றுக்கும் தர வேண்டும். இந்த விளையாட்டில் குண்டுக்கு அடுத்தபடியாகத் தினமும் செலவாகும் பொருள் அதுதான். அதை ஒவ்வொரு வீடும் தனியாகத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நியாயம் ஆகாது.