மூணாறு பெண்களிடம் பங்கு இருந்தது, பேச்சுவார்த்தை மேசையில் இடம் இருந்ததா?

உங்கள் அலுவலகத்திலும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஸ்லைடு வரும். பெண் ஊழியர்கள் இத்தனை சதவீதம், போன வருஷத்தைவிட இவ்வளவு கூடுதல். ஹெச்.ஆர். மொழியில் அது டி.இ.ஐ.; பன்முகத்தன்மை, சமநீதி, அனைவரையும் உள்ளடக்குதல். தலை எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு என்றால், பல ஐ.டி. நிறுவனங்களை இடுக்கியின் தேயிலைத் தோட்டங்கள் சுலபமாக முந்திவிடும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய, பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் அவர்களுக்காகப் பேசியது யார்? 2015 செப்டம்பரில் மூணாறில் வெடித்தது இந்தக் கேள்விதான்.

கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம், முந்தைய ஆண்டு 19% தந்த போனஸை 10% ஆகக் குறைத்தது. அப்போது தினக்கூலி 232 ரூபாய். போனஸ்தான் பிள்ளைகளின் படிப்புச் செலவு, கடன் தவணை எல்லாம். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு சாலையை மறித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகிலேயே விடவில்லை. ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு., ஐ.என்.டி.யு.சி. என மூன்று சங்கங்கள் இருந்தன; சந்தா கட்டியது பெரும்பாலும் பெண்கள், பொறுப்பில் இருந்தது பெரும்பாலும் ஆண்கள். தங்கள் பெயரில் நடந்த பேரத்தில் தாங்கள் இல்லை என்பதுதான் அவர்களின் கோபம். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. பாதி தமிழ், பாதி மலையாள வாடை!

இங்கே ஒரு வினோதம் உண்டு. 2005-ல் டாடா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது உருவான இந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம் இருந்தன. கொழுந்து பறித்த பல பெண்கள் காகிதத்தில் முதலாளிகளும்கூட. உங்கள் ஸ்டார்ட்அப் தரும் 'இசாப்' மாதிரி. பங்கு கையில் இருந்தும், போனஸை முடிவு செய்த இடத்தில் அவர்கள் குரல் இல்லை.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின், அன்றைய முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தையில் பெண்களின் பிரதிநிதிகளே நேரடியாக உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 13 அன்று முடிவு வந்தது: 8.33% போனஸ், 11.67% கருணைத்தொகை, மொத்தம் 20%. அதே நிறுவனம், அதே வருஷம். எண் மட்டும் இரண்டு மடங்கு. அரசியல் அழுத்தமும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த அழுத்தத்தை உருவாக்கியதே இந்தப் பெண்கள்.

அடுத்த கோரிக்கை 500 ரூபாய் தினக்கூலி. அதை முடிவு செய்யும் இடம் மாநில அளவிலான தோட்டத் தொழிலாளர் கமிட்டி. அரசு, தோட்ட உரிமையாளர்கள், பழைய சங்கங்கள் அங்கே உறுப்பினர்கள். பொம்பிளை ஒருமை உறுப்பினர் இல்லை. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆனது. கூடவே ஒரு நாளில் பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. அந்தக் கூடுதல் நான்கு கிலோவைச் சரிவில் நின்று பறித்து, சுமக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கமிட்டியில் நாற்காலி இல்லை.

"இதெல்லாம் தோட்டத்துக் கதை, நமக்கென்ன?" என்று தோன்றலாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ளவை, பெண் ஊழியர் விகிதத்தையும் இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' அறிக்கையில் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்தால் அறிக்கையைத் திறந்து இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே அப்ரைசல், சம்பளக் கமிட்டியில் யார் உட்காருகிறார்கள் என்றும் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். அது பெரும்பாலும் ஸ்லைடில் வராது.

மூணாறில் அந்த நவம்பரிலேயே உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பொம்பிளை ஒருமையின் கோமதி, தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்து உறுப்பினராக ஜெயித்தார்.