"ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"

சென்னையில் வீடு தேடும் தலித் இளைஞரிடம் "உனக்கு வீடு கிடையாது" என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் தம்பி" என்பார்கள். இந்த நகரத்தின் தீண்டாமை இன்று இந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்திரமாகக் குடியிருக்கிறது. அதற்கு அட்வான்ஸும் கிடையாது, வாடகையும் கிடையாது.

வீடு பார்க்கிற அன்று எல்லாம் சரியாகவே இருக்கும். வாடகை பேசியாகிவிட்டது. பத்து மாத அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைத்தாகிவிட்டது. புரோக்கர் டோக்கன் வாங்கிக்கொண்டு "ஒண்ணாந்தேதி சாவி" என்கிறார். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி வருகிறது. "சொந்த ஊர் எது?" ஊர்ப் பெயரில் விடை கிடைக்காவிட்டால் "ஊர்ல எந்தப் பக்கம்?" அதிலும் கிடைக்காவிட்டால் "தப்பா நினைக்காதீங்க, ஓனர் கேப்பாரு, நீங்க என்ன ஆளுங்க?" தனியாக வீடு தேடும் பெண் என்றால் இதோடு இன்னும் பத்துக் கேள்விகள்.

அன்றிலிருந்து இழுத்தடிப்பு தொடங்குகிறது. ஓனர் வெளியூர் போயிருக்கிறார். பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓனரின் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் பார்க்கலாம். கடைசியில் போனையே எடுப்பதில்லை. அடுத்த வாரம் அந்தத் தெரு வழியாகப் போனால் அதே வீட்டில் வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

இதற்குள் நாம் இழந்தது என்ன? பழைய வீட்டுக்கோ விடுதிக்கோ காலி செய்யும் தேதி சொல்லியாகிவிட்டது. சாமான்கள் நண்பனின் அறையில் கிடக்கின்றன. நான்கு நாள் சம்பளம் போயிற்று. இந்த நெருக்கடியில் வேறு வழியில்லாமல் ஊருக்கு வெளியே, அதிக வாடகைக்கு, தண்ணீர் வராத வீட்டை எடுக்கிறோம். முகத்துக்கு நேராக மறுத்திருந்தால் அன்றைக்கே வேறு வீடு பார்த்திருக்கலாம். தாமதம் என்பது மறுப்புக்கு மேல் போடப்படும் அபராதம்.

"புரோக்கர் எல்லோரையும்தான் இழுத்தடிக்கிறான், எதற்கெடுத்தாலும் சாதியா?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், எல்லோரையும் இழுத்தடிக்கிறார்கள். ஆனால் தாமதம் எந்தக் கேள்விக்குப் பிறகு தொடங்கியது என்று பாருங்கள். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. வீடு தேடுபவர்களின் பெயரில் சாதியும் மதமும் தெரியும்படி வைத்து உரிமையாளர்களையும் புரோக்கர்களையும் அணுகினார்கள். உயர்சாதிப் பெயருக்குத் திறந்த கதவுகள் தலித் பெயருக்கு அந்த அளவு திறக்கவில்லை. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவாகத் திறந்தன. திறந்த இடங்களிலும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் தனி நிபந்தனைகள். அங்கே எல்லோரும் சமமாக இழுத்தடிக்கப்படவில்லை.

இந்தத் தந்திரம் புதிதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த நகரத்தில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு வந்து நின்ற பார்சிகள் மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இது நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அன்று இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். இந்து நண்பர், அவரை வைத்துக்கொண்டால் தன் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். பார்ப்பனக் குடும்பத்திலிருந்து கிறித்தவரான இன்னொருவர், மனைவி நாளை ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அது நாசூக்கான மறுப்பு என்பது தனக்குப் பின்னால்தான் தெரிந்தது என்று அண்ணல் எழுதுகிறார். இரவு ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார்.

தடியோடு வந்தவர்களை நாம் எதிரி என்று அடையாளம் கண்டுகொள்கிறோம். "கேட்டுச் சொல்கிறேன்" என்றவரை நல்லவர் என்று நம்பிக் காத்திருக்கிறோம். இருவரும் சேர்ந்துதான் அன்று அம்பேத்கரைத் தெருவில் நிறுத்தினார்கள்.

புரோக்கர் பாவம், பிழைப்புக்காகச் செய்கிறார் என்ற இரக்கத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். பல புரோக்கர்கள் உழைக்கும் சாதிகளிலிருந்து வந்தவர்கள்தான். ஒரு மாத வாடகைதான் அவர்களின் கூலி. ஆனால் அந்தக் கூலி எதற்காக? வீடு காட்டுவதற்கு மட்டுமா? சாதியைக் கேட்கும் வேலையை ஓனருக்குப் பதிலாகச் செய்வதற்கும் சேர்த்துத்தான். ஓனர் எந்த இடத்திலும் எதையும் சொல்லவில்லை. அவர் கை சுத்தமாக இருக்கிறது. புரோக்கரைக் கேட்டால் "நான் என்ன பண்றது, ஓனர் ஒத்துக்கலை" என்பார். ஓனரைக் கேட்டால் "எனக்கு எதுவும் தெரியாது, புரோக்கர்தான் பார்த்துக்கிறார்" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் குற்றம் காணாமல் போகிறது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் நம் கையிலிருந்தே கமிஷன் வாங்குகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் வீடு, என் இஷ்டம், யாருக்கு விடுவது என்று சட்டம் சொல்ல முடியாது" என்பது அடுத்த வாதம். சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் காரணமாகத் தடை செய்வதை 4-ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட மறுப்பதும் புறக்கணிப்புதான் என்று 7-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 10-ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவரையும் தண்டிக்கிறது. புரோக்கர் இந்தப் பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது 12-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாக நடந்தது என்றே நீதிமன்றம் கருதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் பொறுப்பு. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்காததால் இந்தச் சட்டம் அவர்களுக்குக் கை கொடுக்காது. 1955 சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் கொடுக்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) கடைகளில் பாகுபாடு கூடாது என்கிறது. அதில் 'கடை' என்ற சொல்லை, பணம் பெற்றுக்கொண்டு சேவை தரும் எவரையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று 1948-ல் அரசமைப்பு அவையில் அம்பேத்கரே விளக்கினார். 2011-ல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்வி நிறுவன வழக்கு ஒன்றில் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. கேட்டில் 'டு லெட்' பலகை மாட்டி, இணையத்தில் படம் போட்டு, விலை சொல்லி விற்கப்படும் வாடகை வீடு கடை இல்லையென்றால் வேறு என்ன?

ஆனால் 2005-ல் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், தங்கள் சமூகத்தாருக்கு மட்டுமே இடம் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணலை விரட்டியதும் பார்சி விடுதிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் அதைப் பார்க்கிறோம். உணவுப் பழக்கம்தானே என்பவர்கள், சைவம் மட்டுமே சாப்பிடும் தலித் குடும்பம் ஒன்றை அங்கே அனுப்பிப் பார்க்கட்டும். "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்ற பதில்தான் வரும்.

இப்படிச் சட்டங்கள் இருந்தும் ஏன் வழக்குகள் இல்லை? மறுப்பு இருந்தால்தான் வழக்கு. அவர்கள் மறுக்கவே இல்லையே, தாமதம்தானே செய்தார்கள்! "கேட்டுச் சொல்றேன்" என்பதை எந்தக் காவல் நிலையமும் புகாராக எடுத்துக்கொள்ளாது என்பது தெரிந்துதான் அதைச் சொல்கிறார்கள். தாமதத்தை மறுப்பு என்று நிரூபிப்பதுதான் நம் வேலை.

நாம் என்ன செய்யலாம்?

டோக்கனைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எந்த வீட்டுக்கு, எந்த மாதத்துக்கு என்று குறிப்பு எழுதி யூபிஐயில் அனுப்புங்கள். போனில் பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "ஒண்ணாந்தேதி சாவி தருவதாக இன்று சொன்னீர்கள், சரிதானே?" சாதி கேட்டால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். இழுத்தடிப்பு தொடங்கியதும் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "வீடு இன்னும் காலியாக இருக்கிறதா, இல்லையா?" அடுத்து, அதே வீட்டுக்கு வேறு சாதித் தோழர் ஒருவரை, அதே சம்பளம், அதே குடும்ப அளவு சொல்லிக் கேட்க வையுங்கள். "எனக்குச் சாதி இல்லை" என்று முகநூலில் எழுதும் தோழர்கள் உதவக்கூடிய இடம் இது. உங்களுக்கு 'ஆவணியில் பார்க்கலாம்', அவருக்கு 'நாளைக்கே வாங்க' என்றால் உங்கள் கையில் இருப்பது ஆதாரம். தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போய்ப் புகார் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைத் தடுப்புக்கான தேசிய உதவி எண் 14566.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அமைப்புகள் இந்த வழியில்தான் போராடின. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், அங்கே நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. காலியாக இருக்கும் வீட்டை நிறத்துக்காக 'காலி இல்லை' என்று பொய் சொல்வதையே அந்தச் சட்டம் சட்டவிரோதமாக்கியது. ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளையரும் ஒரே நிறுவனத்திடம் வீடு கேட்டுப் போனார்கள். அவருக்கு இல்லை, இவருக்கு உண்டு. சோதிப்பதற்காகப் போனவராக இருந்தாலும் பொய் சொல்லப்பட்டவர் வழக்குப் போடலாம் என்று 1982-ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கே? 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து மூலம் ஒப்பந்தம் கேட்கிறது, பதிவு கேட்கிறது, அட்வான்ஸுக்கு மூன்று மாதம் என்று அளவு வைத்து 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்று ஓட்டையும் வைக்கிறது. அது வீடு கிடைத்தவருக்கான சட்டம். கதவுக்கு வெளியே நிற்பவரை அது பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் முகவர் என்றால் விற்பனை முகவர்தான். வாடகை புரோக்கர் அதற்குள் வரமாட்டார்.

ஆகவே நம் கோரிக்கை இது. தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைத் திருத்து. சாதி, மதம், உணவு, திருமண நிலை காரணமாக வீடு மறுப்பதைத் தடை செய். காலியான வீட்டை இல்லை என்று சொல்லும் பொய்யைக் குற்றமாக்கு. டோக்கன் வாங்கினால் மூன்று நாளுக்குள் எழுத்தில் பதில், மறுத்தால் காரணம், பணம் உடனே திரும்ப. வாடகை புரோக்கர்களைப் பதிவு செய், சாதி கேட்டால் பதிவை ரத்து செய். முஸ்லிம்களுக்கும் திருநர்களுக்கும் இதே கதவுதான் அடைக்கப்படுகிறது. இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரே தெருவில் எல்லாச் சாதியும் வாழ வேண்டும் என்று 1997-ல் சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்து, நூறு வீட்டில் நாற்பதை நமக்கு ஒதுக்கிய மாநிலம் இது. சென்னைக்குள் இருந்த நம் மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டியதும் இதே மாநிலம்தான். சமூகநீதி மண் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்தத் திருத்தத்தைக் கேளுங்கள். அவர்கள் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றால், அதற்கு என்ன பொருள் என்று இப்போது நமக்குத் தெரியும்.