மூக்குச் சிந்தும் பாடம்

1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், ஒருநாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்குச் சிந்தும் விதத்தைச் செய்துகாட்டியபோது, அதன்பொருட்டு அதுவரை வசவையே பெற்றிருந்த சிறார்கள் ஆனந்தத்தால் கரகோஷம் செய்தனர் என்று அவரே எழுதியிருக்கிறார். எழுத்தும் எண்ணும் அங்கே புறக்கணிக்கப்படவில்லை. ஆயினும் பொத்தான் மாட்டுவதும், நீரைத் தரையில் கொட்டாமல் வார்ப்பதும், கை கழுவுவதும் பாடங்களாகவே பாவிக்கப்பட்டன. அதிலும், போட்டால் உடையும் பீங்கானையும் கண்ணாடியையும் பிஞ்சுக் கைகளில் துணிந்து கொடுத்தாரே, அந்த விசுவாசமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1939-இல் அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சியளித்தும், நம் நர்சரிப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில மாதங்களின் பெயர்களைச் சரளமாய் ஒப்பிக்கும் பிள்ளைக்குச் செருப்பு வாரை மாட்டிவிட மாத்திரம் ஆயா வரவேண்டியிருக்கிறது (பாவம், அவளுக்கோ ஒரு வகுப்பு முழுவதையும் மேய்க்கும் நிர்ப்பந்தம்!). பிள்ளைகளே மாட்டிக்கொள்ளட்டுமென்று விட்டால் பாடம் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே, முதல் பாடவேளை முழுவதையும் அதற்கே ஒதுக்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.