மருந்தும் இல்லை... மாத்திரையும் இல்லை... ஆனாலும் தேவை!

உடுமலைப்பேட்டையில் எங்கள் உறவினர் வீட்டில் நிச்சயதார்த்தப் பேச்சு. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, பெண்ணின் சொந்த அத்தை மகன்தான். கூடம் நிறைய ஆட்கள். அந்த நேரம் பார்த்து, கோவையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற பேரனைப் பிடித்துக்கொண்டார், எண்பது வயது அம்மிச்சி.

"ஏங் கண்ணு, அங்கே அப்படி என்னதான் வேலை பண்றே?"

"ஒரு புரோட்டீன் தயார் பண்றோமுங்க அம்மிச்சி. மனுஷ உடம்புல இருக்கிறதுதான். 'ஜிங்க் ஃபிங்கர்'னு பேரு. பாக்டீரியாவுக்குள்ளே வெச்சு வளர்த்து எடுக்கிறோம்."

"எந்தச் சீக்குக்கு மருந்து அது?"

"மருந்து இல்லீங்க. 'ஆராய்ச்சிக்கு மட்டும்'னு லேபிளே ஒட்டியிருக்கும். மனுஷங்களுக்குக் கொடுக்கக் கூடாது."

"மருந்தும் இல்லே, திங்கவும் ஆகாது... அதுக்கு எதுக்குச் சாமி இத்தனை காசு?"

கூடமே சிரித்தது. பையன் நெளிந்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணம், அம்மிச்சி கேட்ட கேள்விக்குப் பதில், அதே கூடத்தில் நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சில்தான் இருந்தது. எப்படி என்கிறீர்களா?

அது என்ன விரல்?

பனியன் கம்பெனிகளில் 'செக்கிங்' செய்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். துணியின் மேல் கண்ணும் விரலும் ஓட்டி, எங்கே பிசகு என்று சட்டெனப் பிடித்துவிடுவார்கள். நம் செல்லுக்குள்ளும் அப்படிச் சில புரோட்டீன்கள் இருக்கின்றன. டி.என்.ஏ. என்கிற நீண்ட இழையைத் தடவிப் பார்த்து, குறிப்பிட்ட எழுத்துக்கள் வரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் இருக்கும் ஜீனை வேலை செய்ய வைக்கும், அல்லது நிறுத்திவைக்கும். இந்தப் புரோட்டீனின் மடிப்பு பிரிந்துவிடாமல், சட்டைக்குப் பொத்தான் மாதிரி பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு துத்தநாக அணு. அதனால்தான் 'ஜிங்க் ஃபிங்கர்', அதாவது துத்தநாக விரல். ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைச் செல்லில் கிடைத்த புரோட்டீனை ஆராய்ந்து, 1985-ல் இதை உலகுக்குச் சொன்னது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆரன் க்ளுக்கின் குழு.

மனித உடம்பிலிருந்து இதைத் தேவையான அளவு எடுக்க முடியாது. ஆகவே, அதற்கான மனித ஜீனை ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தயாரிக்க வைக்கிறார்கள். இதற்குத்தான் 'ரீகாம்பினன்ட்' என்று பெயர். உங்கள் வீட்டில் யாராவது 'ஹ்யூமன் இன்சுலின்' போட்டுக்கொண்டால், அதுவும் இந்த வழியில் வந்ததுதான். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வித்தியாசம் என்னவென்றால், இன்சுலினை மருந்துத் தரத்தில் சுத்தம் செய்து, சோதித்து, அனுமதி வாங்கி விற்கிறார்கள். ஆராய்ச்சிப் புரோட்டீன் அப்படி இல்லை. அது அளந்து பார்க்கவும் தெரிந்துகொள்ளவும் மட்டும்.

ஆறு மாதக் குழந்தையின் ரகசியம்

இந்த விரல்களில் ஒன்றின் பெயர் பி.சி.எல்.11ஏ. இதன் கதைதான் அம்மிச்சிக்கு நான் சொல்ல நினைத்த பதில்.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் ஒரு வகை ஹீமோகுளோபின் இருக்கும். பிறந்து சுமார் ஆறு மாதத்துக்குள் அது குறைந்து, பெரியவர்களின் வகை வந்துவிடும். பழையதை நிறுத்தி வைக்கும் முக்கிய காவல்காரன் இந்த பி.சி.எல்.11ஏ. இதை 2008-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். டி.என்.ஏ.வில் 'டி-ஜி-ஏ-சி-சி-ஏ' என்ற ஆறு எழுத்துக்களைத்தான் அந்த விரல்கள் பற்றுகின்றன என்பது 2018-ல் தெரிந்தது.

இதனால் என்ன லாபம்? தாலசீமியா என்ற ரத்தநோய் உள்ள குழந்தையைப் பாருங்கள். முதல் சில மாதம் கொழுகொழுவென்று இருக்கும். பழைய ஹீமோகுளோபின் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அது நின்றதும் குழந்தை வெளுத்துப்போகும். பிறகு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு தரம் ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்து. காவல்காரனைக் கொஞ்சம் விலக்கிவிட்டால்? பழைய ஹீமோகுளோபின் திரும்ப வரும்!

அப்படித்தான் வந்தது 'காஸ்ஜெவி' என்ற சிகிச்சை. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ-யின் வேகத்தைக் குறைக்கும்படி ஜீனில் ஒரு வெட்டுப் போட்டு, திரும்பச் செலுத்துகிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தன. சிக்கிள் செல் என்ற இன்னொரு ரத்தநோய்க்கும் இதே சிகிச்சைதான். அந்த நோய் நமக்கு ஒன்றும் தூரமில்லை. இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் பக்கத்து நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952-ல்.

இப்போது சொல்லுங்கள், அந்த லேபிள் ஒட்டிய குப்பி வீண் செலவா? என்னைக் கேட்டால், இல்லவே இல்லை. விரல் எங்கே பற்றுகிறது என்று யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்க்காவிட்டால், எதை விலக்க வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அதுவரை நாம்?

ஆனால் அம்மிச்சியின் கேள்வியில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 18 கோடி ரூபாய்க்கு மேல்! மில் சம்பளத்திலும் பனியன் கம்பெனிச் சம்பளத்திலும் குடும்பம் நடத்துகிற நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா?

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை!

நம் நாட்டில் சராசரியாக நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தாலசீமியாவைச் சுமப்பவர்கள். இவர்கள் நோயாளிகள் இல்லை. சாதாரணமாகவே வாழ்வார்கள். சிலருக்கு லேசான ரத்தசோகை இருக்கும். இரும்பு மாத்திரை எவ்வளவு சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், டாக்டரிடம் இதைக் கேளுங்கள். சுமப்பவர் இருவர் மணந்தால்தான் பிரச்னை. ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் முடிக்கும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இரண்டு பேருக்கும் அதே ஜீன் வந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். அந்நியத்தில் முடித்தால் வராது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

முதலில் சாதாரண 'கம்ப்ளீட் பிளட் கவுன்ட்'. பிறகு 'எச்.பி.எல்.சி.' என்ற ஹீமோகுளோபின் பரிசோதனை. அவ்வளவுதான். "பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தா ஊர் என்ன சொல்லும்?" என்று தயங்குகிறீர்களா? மாப்பிள்ளைக்கு முதலில் எடுங்கள்! ஒருவருக்கு இல்லை என்றால் பயம் இல்லை. இருவருக்கும் இருந்தாலும் உறவை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. டாக்டரின் ஆலோசனை இருக்கிறது. கர்ப்பத்தின் பத்துப் பன்னிரண்டாவது வாரத்திலேயே சிசுவைப் பரிசோதிக்கவும் வழி இருக்கிறது. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பதினொன்றாவதாக இதையும் பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்?

ஓர் எச்சரிக்கை. 'துத்தநாகம்' என்ற பெயரைக் கேட்டதும் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். ஜிங்க் மாத்திரைக்கு வேறு வேலை. குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு டாக்டர் அதைத் தருவார். தாலசீமியாவை அது குணமாக்காது. 'ஜீனைச் சரிசெய்யும் பவுடர்' என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அன்று கூடத்தில் இதையெல்லாம் சொன்னேன். பெரியவர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. கடைசியில் அம்மிச்சிதான் வாய் திறந்தார்: "ஒரு ஊசி குத்துறதுல என்ன போகுது? ரெண்டு பேருக்கும் பாத்துப்போடுங்க!"

பார்த்தார்கள். முடிவு என்ன என்று சொல்லமாட்டேன். அது அந்த இரண்டு பேருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். கல்யாணத் தேதி மட்டும் குறித்தாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஜாதகக் கட்டு வெளியே வந்திருக்கிறதா? கூடவே ஒரு லேப் ரிப்போர்ட்டும் வரட்டுமே!