பழைய கிடாருக்குப் புது கரன்ட்டா?

கல்ச்சுரல்ஸ் சீசன் வந்தா போதும், மதுரை காலேஜ் ஹாஸ்டல்கள்ல ஒரு அதிசயம் நடக்கும். யாரோ ஒருத்தரோட சித்தப்பா ஆர்கெஸ்ட்ரா காலத்துல வாசிச்ச எலெக்ட்ரிக் கிடார் பரண்ல இருந்து இறங்கும். தூசி தட்டி, புது கம்பி மாட்டி, ஆம்ப்ளிஃபையர்ல சொருகினா... 'ஙொய்ய்ய்ங்'! உடனே ஒரு சீனியர் ஆஜராவார். "மாப்ள, பிக்கப்பைத் தூக்கி எறிஞ்சுட்டு ஆக்டிவ் போடு. மெட்டாலிகா கணக்கா வெளுத்து வாங்கும்!"

கொஞ்சம் பொறுங்க பாஸ். காசும் போய், கிடாரும் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல, பிக்கப்னா என்ன? காந்தம், அதைச் சுத்தி தலைமுடியை விட மெல்லிசான தாமிரக் கம்பியில ஏழெட்டாயிரம் சுற்று. அவ்ளோதான் மேட்டர்! மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறும், சுருள்ல மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடிச்ச அதே தூண்டல்தான். ஃபர்ஸ்ட் இயர்ல கடம் அடிச்சு எழுதினோமே, அது! இதை கிடாருக்குள்ள கொண்டு வந்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் பீச்சம். 1931-ல் உருவான அவரோட கிடாருக்குச் செல்லப் பேர் 'வாணலி'. பார்க்க அப்படித்தான் இருக்கும்!

பிரச்னை என்னன்னா, அந்தச் சுருளுக்கு கிடார் கம்பி எது, கரன்ட் கம்பி எதுன்னு தெரியாது. ஸ்டேஜ்ல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், பழைய டியூப்லைட் சோக் எல்லாம் கக்குற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கும். இதுக்கு 1955-ல் வைத்தியம் சொன்னவர் கிப்சன் கம்பெனி இன்ஜினீயர் செத் லவர். ஒண்ணுக்கு ரெண்டு சுருள். சுத்துற திசையும் எதிர், காந்த முனையும் எதிர். கம்பியோட ஓசை ரெண்டுலயும் கூடும். வெளியிலிருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் காலியாகும். அதான் 'ஹம்பக்கர்'.

அப்ப ஆக்டிவ்? சுற்றுகளைக் குறைச்சு, பிக்கப்புக்கு உள்ளேயே குட்டி ப்ரீ-ஆம்ப் வச்சு, 9 வோல்ட் பேட்டரியில ஓட்டறது. 1976-ல் தொடங்கின இ.எம்.ஜி. கம்பெனி இதுல பெரிய கை. மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டும் ஹேமட்டும் அந்த பிக்கப்பை உலகம் பூரா பிரபலமாக்கிட்டாங்க. 2011-ல் பெங்களூருக்கு மெட்டாலிகா வந்தப்போ ரயிலேறிப் போன அண்ணன்களைக் கேளுங்க, மணிக்கணக்கா கதை சொல்வாங்க!

ஆனா உங்க கிடாருக்கு அது தேவையா? இங்கேதான் கணக்கு வருது. பயப்படாதீங்க, அரியர் விழாது!

ரூம்ல 'கணீர்'னு கேட்ட கிடார், ஆடிட்டோரியத்துல மட்டும் கம்பளி போர்த்தின மாதிரி ஏன் மந்தமாகுது? வில்லன் பிக்கப் இல்லை, கேபிள்! சாதாரண கிடார் கேபிள்ல மீட்டருக்கு சுமார் 100 பிகோ ஃபாரட் கபாசிட்டன்ஸ் இருக்கும். பிக்கப்போட இண்டக்டன்ஸ் 3 ஹென்றின்னு வச்சுக்குவோம். சுருளுக்குள்ளேயே ஒரு 100 பிகோ ஃபாரட். இப்ப நம்ம ரெசொனன்ஸ் ஃபார்முலாவைப் போடுங்க. 2 மீட்டர் கேபிள்ல உச்சம் சுமார் 5.3 கிலோ ஹெர்ட்ஸ். ஸ்டேஜுக்காக 10 மீட்டர் கேபிள் போட்டா 2.8 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். அதுக்கு மேல இருக்கிற பளபளப்பு மொத்தமும் அவுட்!

ஆக்டிவ்ல வெளியேறும் இம்பிடன்ஸ் குறைவு, அதனால கேபிள் எவ்வளவு நீண்டாலும் ஓசை அவ்வளவா மாறாது. ஆனா இதே பலனுக்குப் பழைய பிக்கப்பைக் கழற்றவே வேண்டாம். கிடாருக்குள்ளேயே ஒரு சின்ன பஃபர் சர்க்யூட் போதும். டி.எல். 062 ஐ.சி. ஒண்ணு, நாலைந்து ரெசிஸ்டர், கபாசிட்டர். ஈ.சி.இ. ஃப்ரெண்டுக்கு ரெண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள சால்டர் பண்ணித் தருவான். ஐ.சி. இழுக்கிறது அரை மில்லி ஆம்பியருக்கும் கம்மி. 500 மில்லி ஆம்பியர்-ஹவர் இருக்கிற ஆல்கலைன் பேட்டரி ஆயிரம் மணி நேரம் வரும். ஒரே கண்டிஷன்: ஸ்டீரியோ ஜாக் போட்டு, கேபிள் சொருகினா மட்டும் பேட்டரி ஆன் ஆகிற மாதிரி வயரிங் பண்ணணும். வாசிச்சு முடிச்சதும் கேபிளைப் பிடுங்கிடணும். இல்லேன்னா வாசிக்காமலேயே பேட்டரி காலி!

சரி, நிஜமாவே பிக்கப்தான் கோளாறா? மல்டிமீட்டரை எடுங்க. சிங்கிள் காயில்னா 5-லிருந்து 8 கிலோ ஓம், ஹம்பக்கர்னா பெரும்பாலும் 7-லிருந்து 15 வரை காட்டணும். எதுவுமே காட்டலைன்னா சுருள் அறுந்திருக்கு. ரீடிங் சரியா இருந்தா, கிடாரைப் பிடிச்சபடி அப்படியே மெதுவா திரும்புங்க. திசைக்கு ஏத்த மாதிரி இரைச்சல் கூடிக் குறைஞ்சா, அது காந்தப்புல இரைச்சல், ஹம்பக்கர் உதவும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைஞ்சா, ஷீல்டிங் பத்தலை. உள்பக்கம் தாமிர ஃபாயில் ஒட்டி கிரவுண்டோட இணைச்சாலே பாதி நிம்மதி. கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் கத்துதா? பாவம், கிடார் மேல பழி போடாதீங்க!

பிக்கப் மாத்தியே ஆகணும்னா, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க. கொல்கத்தாவின் கிவ்சன் மாதிரி நம்ம நாட்டுப் பழைய கிடார்னா, வெளிநாட்டு பிக்கப் அதே குழியில உட்காரும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது. திருகு ஓட்டை, கம்பி இடைவெளி ரெண்டையும் அட்டையில வெட்டிப் பாருங்க. சிங்கிள் காயில் குழிக்குள்ளேயே அடங்கற ஹம்பக்கரும் கிடைக்கும். முழு ஆக்டிவ் செட்னா 25 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், ஸ்டீரியோ ஜாக், பேட்டரிக்கு இடம்னு பட்ஜெட் அனுமார் வால் மாதிரி நீளும். பேட்டரிக்காக மரத்தைக் குடையாதீங்க, ப்ளீஸ்! பிக்கப்பைத் திரும்ப மாட்டலாம். குடைஞ்ச மரம் திரும்ப வளராது.

இன்னொண்ணு: நீங்க என்ன வாசிக்கப் போறீங்க? நம்ம இளையராஜா 1943-ல் பிறந்தப்போ பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்துல இருந்த ஊர். லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிடார் தேர்வுல தங்கப் பதக்கம் வாங்கினவர். அந்த ஸ்டைல்ல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா பேசணும்னா நல்ல பாசிவ் பிக்கப்பே ஜம்முனு இருக்கும். கர்னாடக இசையா? மாண்டலின் யு.ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பிக்குப் பதிலா அஞ்சு கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினைக் கையில எடுத்தார். சென்னை ஐ.ஐ.டி.யில நேவல் ஆர்க்கிடெக்சர் படிச்ச பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடார்ல கமகத்தைக் குழைச்சுத் தர்றார். இன்ஜினீயரிங் படிச்சா இசை வராதுன்னு யார் சொன்னது? கமகத்துக்குத் தேவை, இழுக்க இழுக்க ஓசை நீடிக்கணும், இரைச்சல் குறுக்கே வரக்கூடாது. அதுக்கு ஹம்பக்கர் ப்ளஸ் பஃபர் நல்ல கூட்டணி. ஓயாம டிஸ்டார்ஷன் போட்டு மெட்டல் வாசிப்பீங்களா? அப்ப சீனியர் சொன்ன ஆக்டிவுக்கே என் ஓட்டும்!

இப்ப சீரியஸா ஒரு விஷயம். இதை மட்டும் ஸ்கிப் பண்ணிடாதீங்க. கிடார் கம்பி, பிரிட்ஜ் வழியா ஆம்ப்ளிஃபையர் பாடியோட இணைஞ்சிருக்கு. மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை உடைச்சோ, ரெண்டு பின் அடாப்டர் போட்டோ ஓட்டினா, ஆம்ப்ல கசியற கரன்ட் நேரா உங்க விரலுக்கு வரும். உதடு மைக்ல பட்டா சர்க்யூட் முழுசாயிடும். 1972 மே 3-ம் தேதி, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிடாரிஸ்ட் சரியா எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதும் ஷாக் அடிச்சு அங்கேயே இறந்தார். 27 வயசு.

ஆக்டிவ் பிக்கப்கள்ல கம்பிக்கு கிரவுண்ட் இணைப்பு தேவைப்படாத வகை உண்டு. ஆபத்து குறையும்தான். ஆனா கேபிளோட ஜாக்கும் இரும்பு, மைக்கும் இரும்பு. அதை நம்பி எர்த்தைக் கோட்டை விடாதீங்க. தெருமுனைப் பந்தலோ, காலேஜ் ஆடிட்டோரியமோ, "எர்த் இருக்கா? ஆம்ப்புக்கும் மைக் செட்டுக்கும் ஒரே எர்த்தா? ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கா?"ன்னு எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

ஆக, வரிசை இதுதான்: முதல்ல எர்த், அடுத்து வயரிங், அப்புறம் ஷீல்டிங், அதுக்கப்புறம் பஃபர். கடைசியாத்தான் பிக்கப். நாலாவது படி தாண்டறதுக்குள்ள பாதிப் பேருக்கு அஞ்சாவது தேவைப்படாது. அப்படியும் மாத்தினா, கழட்டறதுக்கு முன்னாடி வயரிங்கை போட்டோ எடுத்து வைங்க. பழைய பிக்கப்பை ஒரு கவர்ல போட்டு, எந்தக் கிடார், எந்த இடம்னு எழுதி ஒட்டிடுங்க. அந்தக் கிடார் உங்களுக்கு அப்புறமும் யார் கைக்காவது போகுமில்ல?

வர்ட்டா..!